நீட்டுகிற கையில் காப்பு

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் ஆண்களுக்கு வலது கையில் காப்பு கட்டுவார்கள், பெண்களுக்கு இடது கையில். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எந்தக் கையால் சோறு தின்பது என்று ஊர் கூடித் தீர்மானம் போடுவார்களா? அப்படித்தான் இதுவும். இந்த ஒரு வரியை ஒரு மனிதர் ஏசி அறையில் உட்கார்ந்து வாய்திறந்து சொல்லாததால் என் அண்ணனின் பிழைப்பு போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நியாயமாக எழுதுவேனா என்று தெரியவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம் வந்தால் எங்கள் ஊர். பேட்டைக்கு நிலம் எடுத்தபோது எங்கள் கழனியும் போனது, கோயிலுக்குப் பின்னால் இருந்த திருவிழாத் திடலும் போனது. கழனிக்கு அழுத ஊர் திடலுக்கு அழவில்லை, அதில் ஒன்றும் விளையாது என்பதால். ஆனால் வருஷத்தில் ஒருநாள் அங்கேதான் துரியோதனன் விளைவான். ஏரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, ஒரு லாரி நீளத்துக்கு அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, மீசை வைத்து, கண்ணுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கூத்துக்காரர்கள் வந்து அவன் தொடையைப் பிளப்பார்கள். பாஞ்சாலி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் அதே திடலில் தீமிதி. அதற்குப் படுகளம் என்று பேர். படுகளம் இல்லாமல் எங்களுக்குத் திருவிழா இல்லை.

திடல் ஒரு சின்னக் கம்பெனியின் பங்கில் விழுந்தது. பெரிய கார் கம்பெனிக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. அவர்கள் பாதியில் ஷெட் போட்டுச் சுவர் எழுப்பி, மீதியைச் சும்மா விட்டிருந்தார்கள். அந்த மீதியில் திருவிழா நடத்திக்கொள்ள வருஷாவருஷம் எங்கள் கோயில் தர்மகர்த்தா போய் அனுமதி வாங்கிவருவார். அவர் எங்களுக்குப் பங்காளி, பெரியப்பா முறை. காப்பு கட்டுகிற உரிமை அவர் வீட்டுக்குத்தான். எங்கள் அப்பா நிலம் போன கொஞ்ச நாளில் போய்ச்சேர்ந்த பிறகு, வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றவரும் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அண்ணன் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தான், காண்ட்ராக்டில். தகடுகளை எண்ணெய் துடைத்து அடுக்குகிற வேலை. பர்மனென்ட் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் போன் செய்கிற கம்பெனியில் லைனில் இருந்தேன். என் கம்பெனியில் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி ஒயரை மேஜையோடு இணைக்காவிட்டால் லைனில் உட்காரவிடமாட்டார்கள். அண்ணன் கம்பெனியிலோ கையில் எதுவும் கட்டக்கூடாது என்று போர்டு தொங்கியது. "உன்ன கட்டிப்போட்டு வேல வாங்கறான், என்ன அவுத்து வுட்டு வாங்கறான்," என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவன் நிறையப் பேசுவான் அப்போதெல்லாம்.

அந்த வருஷம் அவன் தீமிதிக்க வேண்டிக்கொண்டான். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர வேறென்ன வேண்டுதல் இருந்திருக்கப் போகிறது? காப்பு கட்டியவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. கம்பெனி ஷெட் பாதி எல்லைக்கு உள்ளே, பாதி வெளியே. அதனால் நைட் ஷிப்ட் போகலாமா கூடாதா என்று ஊரில் பெரிய வழக்கே நடந்தது. எதற்கு வம்பு என்று அண்ணன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, திருவிழா முடிகிறவரைக்கும் பகல் ஷிப்ட் வாங்கினான். பகலில் அடுக்குகிற வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ்ஸில்தான் இடம் காலி. "அங்க நிக்கறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

பெரியப்பா மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து அவன் வலது கையில் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சூப்பர்வைசருக்கும் காப்பு தெரியும். அந்த மாதம் எங்கள் ஊர் ஆட்கள் எல்லாருடைய கையிலும் அது இருக்கும், எந்த வருஷமும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. "கிளவுசுக்குள்ள தள்ளிக்கோ," என்று மட்டும் சொன்னாராம்.

அன்றைக்கு நான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, எங்கள் பின்கட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிக்காரர் ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். அவரும் அண்ணனோடு அதே கம்பெனி. சட்டையில் கறை இருந்தது. "தங்கச்சி, பயப்படாத, உயிருக்கு ஒண்ணுமில்ல," என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அவர் எனக்கு அதை விளக்கிச் சொன்னார். பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் உள்ளே கை இருக்காது, அதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அப்படிச் செய்தால் வேலை மெதுவாக நடக்கும். அதனால் இடது பட்டனில் ஒரு மரச்சக்கையைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்துவைத்திருந்தார்கள். இடது கையால் தகட்டை வை, வலது கையால் தட்டு. மரச்சக்கை ரொம்ப நாளாகவே இருந்ததாம். பழகினவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும். அண்ணன் புதுசு.

"நான் கண்ணால பாத்தேன்லா," என்றார். "வலது கை பட்டன் மேல கெடந்துச்சி. இடது கை உள்ள. ஒரு நொடிதாம்மா."

ஆஸ்பத்திரியில் அண்ணன் கண் விழித்ததும் கேட்டது கையைப் பற்றி அல்ல. வலது மணிக்கட்டைப் பார்த்தான். அங்கே ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "காப்பு எங்க?" என்றான்.

"டிரிப் போட எடம் இல்லன்னு நர்ஸ் வெட்டிட்டாங்கண்ணா."

"வெட்டி?"

"கூட வந்த கம்பெனி ஆளு வாங்கிக்கினாராம்."

கண்ணை மூடிக்கொண்டான். காப்பைக் கோயிலில்தான் அவிழ்க்கவேண்டும், கத்தி படக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கையே போய்விட்டது, கயிற்றைத் தேடுகிறானே என்று எரிச்சல்தான் வந்தது.

திருவிழா நிற்கவில்லை. எப்படி நிற்கும், கொடி ஏறிவிட்டதே. ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். காப்போடு எல்லை தாண்டினான், அம்மன் கேட்டுவிட்டாள் என்று எங்கள் தெருவிலேயே ஒருத்தி சொன்னாள். அவள் புருஷனும் அதே ஷெட்டில்தான் வேலை பார்த்தான். அம்மன் அவனை ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது.

படுகளத்துக்கு அம்மா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். துரியோதனன் செத்தபிறகு பெண்கள் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு போய் அவனை அடிப்பது எங்கள் வழக்கம். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அம்மா துடைப்பத்தோடு கூட்டத்தில் நுழைந்தாள். மண்ணுடம்பைத் தாண்டி நேராகப் போனாள். திடலின் அந்தப் பக்கம் கம்பெனியின் காம்பவுண்டு சுவர். அந்தச் சுவரை அடிக்க ஆரம்பித்தாள். ஈர்க்குச்சிகள் உடைந்து பறந்தன. பம்பைக்காரர் இதைப் பார்த்துவிட்டு வேகமாக அடித்தார். பெரியப்பா ஓடிவந்து, "ஆத்தா வந்துட்டா, தள்ளிக்குங்க," என்று சொல்லி அவள் நெற்றியில் விபூதி பூசினார். எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். ஆத்தாளும் இல்லை ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாவுக்குக் கோபம். அதைச் சாமி என்று சொன்னதால் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

காப்பு அவிழ்க்கிற நாள் வந்தது. தீமிதித்தவர்கள் எல்லாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காப்பை அவிழ்த்துக் கோயில் கிணற்றில் போடவேண்டும். அண்ணனுடையதையும் போட்டால்தான் அவனுக்கு விழா முடியும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். சரி, ஒரு கயிறுதானே, கேட்டால் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

பர்சனல் ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே அந்தக் கயிறு. மஞ்சள் துண்டு கறுத்துச் சுருங்கியிருந்தது. அம்மா கையை நீட்டினாள். அவர் கவரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"இது எங்ககிட்டதான் இருக்கணும்மா. கையில எதுவும் கட்டக்கூடாதுன்னு போர்டே இருக்கு. இந்தக் கயிறு டையில மாட்டி இழுத்ததாலதான் கை உள்ள போயிருக்கு. அப்படித்தான் ரிப்போர்ட்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கம்பெனி தப்பு என்றால், கை இல்லாவிட்டாலும் கேட்டிலோ ஸ்டோரிலோ உட்காரவைத்து வேலை கொடுத்தாகவேண்டும், அதுவும் நிரந்தரமாக. அவன் தப்பு என்றால், நாளைமுதல் வரவேண்டாம். நடுவில் இருப்பது இந்தக் கயிறு. மரச்சக்கையைப் பற்றிக் கேட்டேன். "எந்த மரச்சக்கை?" என்றார்.

அதற்குள் அம்மா பேசினாள். "இது அவன் சோத்துக் கைல இருந்துச்சுப்பா. போனது எடது கை."

ஆபீசர் அவளை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தார். "எந்தக் கையில இருந்துச்சுன்னு யாருக்கும்மா தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப என்குவைரிக்கு ஊர்ல ஒருத்தர வந்து சொல்லச் சொல்லுங்க," என்றார். நல்ல மனிதர், வழி சொல்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

நேரில் பார்த்த திருநெல்வேலிக்காரரைத்தான் முதலில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. ஊர்ல என்னய நம்பி நாலு பேர் இருக்காவ. நான் வாயத் தொறந்தா எனக்கும் கேட்ட சாத்திருவானுவ." அடுத்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டு ஒரகடம் பக்கம் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அந்நிய ஊரில் தனியாக இருந்த ஆள்.

பெரியப்பாவிடம் போனோம். பார்த்தவர்கூட வேண்டாம். காப்பு கட்டினவரே வந்து ஆணுக்கு வலது கையில்தான் கட்டுவோம் என்று சொன்னால் போதும். இருந்த கயிறு வலது கையில், நசுங்கியது இடது கை. ரிப்போர்ட் அங்கேயே பொய்யாகிவிடும். கேட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுல இன்னா கீது? இது ஒரு பேச்சா? நான் வந்து சொல்றேன் கண்ணு. நம்ம புள்ளைக்கு இதுகூட செய்யலன்னா நான் இன்னா பெரிய மனுசன்?" அம்மா அவர் காலில் விழப்போனாள். தடுத்துவிட்டார்.

என்குவைரி நாளில் அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னக் கம்பெனி என்பதால் முறையெல்லாம் பெரிதாகப் பார்க்காமல் என்னையும் அம்மாவையும் ஓரமாக உட்காரவிட்டார்கள். பெரியப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆபீசர் அவரைத் தலைவரே என்று கூப்பிட்டு, ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ஜன்னல் வழியாகத் திடல் தெரிந்தது. துரியோதனன் மழையில் கரைந்து ஒரு மண்மேடாகக் கிடந்தான்.

முதலில் திருவிழாவைப் பற்றித்தான் பேச்சு. நன்றாக நடந்ததா, கூட்டம் எப்படி. அப்புறம் ஆபீசர், "அடுத்த வருஷமும் இங்கதானே வெப்பீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். "நீங்க மனசு வெச்சா," என்றார்.

"சரி, இந்தக் காப்பு விஷயம். எந்தக் கையில கட்டுவீங்க?"

பெரியப்பா துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "அதுக்கு இன்னாங்க," என்றார். "கூட்டத்துல யாரு பாக்கறாங்க? நீட்ற கையில கட்றதுதான்."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

"பெரியப்பா, இன்னா பேசறீங்க?" என்று நான் எழுந்து கத்தியது நினைவிருக்கிறது. உட்காரும்படி சொன்னார்கள். அம்மா எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். அண்ணன் கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபத்தைக்கூட நான் பார்க்கவில்லை, ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்கமுடியவில்லை.

கேட்டுக்கு வெளியே பெரியப்பா என்னைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. "திடலு அவன் கையில கீது கண்ணு. நான் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுவேன். அடுத்த வருஷம் கம்பி வேலி போட்டுட்டான்னா துரியோதனன எங்க படுக்க வெப்ப? எங்கப்பன், பாட்டன் காலத்துலர்ந்து நடக்கறது என் காலத்துல நின்னு பூட்ச்சின்னா? இவனுக்கு வேற வேல நான் பாத்துத் தரேன்."

"உங்க வூட்டு வாசல்ல படுக்க வெச்சிக்கங்க," என்றேன். அதைவிடக் கெட்ட வார்த்தைகளும் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அண்ணனை அனுப்பிவிட்டார்கள். காப்பு அவனுடைய ஃபைலோடு உள்ளே போனது, திரும்ப வரவேயில்லை. எங்கள் ஊர்க் கணக்குப்படி அவனுக்கு அந்தத் திருவிழா முடியவே இல்லை. அம்மா அதற்காக ரொம்ப நாள் அழுதாள். நான் வேலைக்காக அழுதேன். அண்ணன் எதற்காகவும் அழுததை நான் பார்க்கவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தான். டீ கிளாஸைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கவ்விப் பிடிக்கப் பழகிக்கொண்டான். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா காப்பாற்றிய திடலில் அதற்கப்புறம் ஒரே ஒரு படுகளம்தான் நடந்தது. பிறகு கம்பெனி அங்கே இரண்டாவது ஷெட் போட்டது. யாரையும் கேட்கவில்லை. இப்போது கோயில் வாசலில் தார் ரோட்டின்மேல் ஒரு ஆள் நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்கவைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் காலை மடக்கவேண்டியிருக்கும் என்று பையன்கள் சிரிக்கிறார்கள்.

அந்தக் கடைசிப் படுகளத்து வருஷம், காப்பு கட்டுகிற நாளில் அண்ணன் கடைக்கு லீவு போட்டான். குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டான். "எதுக்குண்ணா?" என்று கேட்டேன். "போன வருஷத்து வேண்டுதல் பாக்கி கீதே," என்றான். எனக்கு அவன் குரல் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

கோயில் வாசலில் பெரிய தட்டி. அம்மன் படத்தின் கீழே கம்பெனியின் பெயர், அம்மன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். பர்சனல் ஆபீசர் சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். காப்பு கட்டுபவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நடுவில் போய் இடம் பிடித்தான். பம்பை அடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா மஞ்சள் கயிறுகள் வைத்த தட்டோடு ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் பார்க்காமல் கையைப் பார்த்தே கட்டுவது அவர் வழக்கம். குனிந்தபடியே அண்ணன்முன் வந்து நின்றார்.

அண்ணன் இடது கையை நீட்டினான்.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். தோல் இழுத்துத் தைத்த உள்ளங்கை, பக்கத்தில் ஒற்றைக் கட்டைவிரல். கயிற்றை எடுத்த கை அப்படியே நின்றது. பம்பைக்காரரும் பார்த்துவிட்டு நிறுத்தினார். எத்தனை வருஷப் பழக்கமோ, பெரியப்பாவின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"வலது கைய நீட்டுப்பா. ஆம்பளைங்களுக்கு வலது கைதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முன்வரிசையில் ஆபீசர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அன்னிக்கே அங்க சொல்லியிருக்கலாமே, பெரியப்பா," என்றான் அண்ணன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, காப்பு கட்டாமலேயே கூட்டத்தை விலக்கி வெளியே நடந்தான். நானும் அவனோடு போயிருக்கவேண்டும். கால் எழவில்லை. யாராவது ஒருவர் எழுந்து அவன் பின்னால் வருவார்கள் என்று அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பம்பை மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அடுத்து உட்கார்ந்திருந்தவர் வலது கையை நீட்டினார்.